பைராட்ஸ் 5 என்கிறது மேமோகிராம், புற்று இல்லை என்கிறது பயாப்ஸி: எதை நம்புவது?

மார்ச் 4, இரவு 10.20 (கேள்வி)

அக்காவுக்கு 41 வயது. இடது மார்பில் மேல்பக்கம், உள்ளோரமாக ஒரு சின்னக் கட்டி. தொட்டால் கெட்டியாக இருக்கிறது, மேலே தோல் லேசாகக் குழி விழுந்திருக்கிறது. மேமோகிராம் ரிப்போர்ட்டில் (சந்தேகத்தின் அளவைச் சொல்லும் பைராட்ஸ் எண்ணில்) "பைராட்ஸ் 5, புற்றுநோயாக இருக்க மிக அதிக வாய்ப்பு" என்று இருக்கிறது. ஊசி பயாப்ஸி ரிப்போர்ட் இன்று வந்தது: "கிரானுலர் செல் டியூமர், தீங்கற்றது." வீட்டில் பாதிப் பேர் தப்பித்தோம் என்கிறார்கள். பாதிப் பேர் சாம்பிள் மாறிப்போயிருக்கும் என்கிறார்கள். அக்கா எதுவும் பேசாமல் இருக்கிறார். இந்தக் கட்டியின் பெயரை யாராவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

மார்ச் 4, இரவு 11.05

கேள்விப்பட்டிருக்கிறேன், பார்த்தும் இருக்கிறேன். மேமோகிராம், அல்ட்ராசவுண்ட் படங்களைப் படித்து ரிப்போர்ட் எழுதுவதுதான் என் வேலை.

அந்த இரண்டு ரிப்போர்ட்டுக்கும் சண்டை இல்லை. பைராட்ஸ் 5 என்றால் புற்றாக இருக்க 95 சதவீதமோ அதற்கு மேலோ வாய்ப்பு என்று அர்த்தம். மிச்சமிருக்கும் கொஞ்சத்தில்தான் இந்தக் கட்டி உட்கார்ந்திருக்கிறது.

நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் செல்களிலிருந்து இது வருகிறது. இதற்கு உறை கிடையாது. கொழுப்புக்கும் நார்த்திசுவுக்கும் இடையே புகுந்து வளரும். அதனால் மேமோகிராமில் நடுவே வெள்ளையாக ஒரு கரு, அதிலிருந்து நாலாபக்கமும் முள்முள்ளாகக் கோடுகள். மார்பைத் தோலோடு பிணைத்திருக்கும் நார்களை இது இழுத்துப் பிடிக்கும்போது தோலில் குழி விழும். அல்ட்ராசவுண்டில் ஓரம் ஒழுங்கில்லாத கருந்திட்டு, அதன் பின்னால் நிழல். புற்று என்னென்ன செய்யுமோ அத்தனையும் படத்தில் இதுவும் செய்யும். அந்த மேமோகிராம் என் மேசைக்கு வந்திருந்தாலும் நான் 5-தான் போட்டிருப்பேன்.

மேல் உள்ளோரம் என்று எழுதியிருக்கிறீர்கள். மார்பகப் புற்று அதிகம் வருவது மேல் வெளிப்பக்கத்தில். கிரானுலர் செல் டியூமர் மேல் உள்பக்கத்தில் அதிகம் பதிவாகியிருக்கிறது, காறை எலும்புக்கு மேலிருந்து இறங்கும் தோல் நரம்பு பரவும் இடம் அது. இடத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது, ஆனால் பொருந்துகிறது.

பயாப்ஸி ரிப்போர்ட்டில் எஸ்-100, சைட்டோகெரட்டின் என்று இரண்டு பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். செல் எந்த வகை என்று காட்டும் நிறமேற்றுச் சோதனைகள் அவை: முதலாவது ஷ்வான் செல்லுக்கு, இரண்டாவது பால்குழாயின் சுவர்ச் செல்களுக்கு. முதலாவது பாசிட்டிவ், இரண்டாவது நெகட்டிவ் என்றிருக்க வேண்டும்.

மார்ச் 5, காலை 6.50

இரவு ஒன்றைச் சொல்லாமல் விட்டேன், இந்த இழையில் முக்கியமானதே அதுதான்.

"புற்று அணுக்கள் இல்லை" என்பது ஒரு நோயின் பெயர் இல்லை. படத்தில் முள்முள்ளாக ஒரு கட்டி தெரிகிறது, பயாப்ஸி ரிப்போர்ட்டில் "நார்த்திசு, கொழுப்பு, புற்று அணுக்கள் காணப்படவில்லை" என்று மட்டும் வருகிறது என்று வையுங்கள். அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போகக் கூடாது. ஊசி கட்டிக்குப் பக்கத்தில் குத்தியிருக்கலாம். படம் காட்டிய முட்களுக்கு அந்த நார்த்திசு காரணம் சொல்லவில்லை. அங்கே மறுபடி பயாப்ஸி எடுக்க வேண்டும், இல்லையென்றால் கட்டியை எடுத்துப் பார்க்க வேண்டும்.

உங்கள் அக்காவின் ரிப்போர்ட் வேறு ரகம். அதில் பெயர் இருக்கிறது, அந்தப் பெயர் படத்தில் தெரிந்த முட்கள், குழி, நிழல் எல்லாவற்றுக்கும் காரணம் சொல்கிறது. படம் எடுத்தவரும் ஸ்லைடு பார்த்தவரும் இதை ஒருமுறை சேர்ந்து பேச வேண்டும். டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "பயாப்ஸி முடிவு படத்தோடு ஒத்துப்போகிறதா?" ஒத்துப்போகிறது என்று ரேடியாலஜிஸ்ட் தன் ரிப்போர்ட்டில் எழுதித் தர வேண்டும். இதை வாய்வார்த்தையோடு விட வேண்டாம்.

மார்ச் 5, மதியம் 1.15

எஸ்-100 பாசிட்டிவ் என்று பதில் போட்டிருக்கிறீர்கள். நல்லது. சைட்டோகெரட்டின் செய்யப்படவில்லை என்றால் செய்யச் சொல்லலாம். எடுத்த திசு மெழுகுக் கட்டியில் பத்திரமாக இருக்கும், மறுபடி ஊசி குத்தத் தேவையில்லை. சாம்பிள் மாறிவிட்டதோ என்று பயப்படுகிறவர்கள் அந்த மெழுகுக் கட்டியையும் ஸ்லைடையும் வாங்கிப் போய் இன்னொரு பேத்தாலஜிஸ்டிடம் காட்டலாம். அது உங்கள் உரிமை, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மார்ச் 5, இரவு 9.30

"இவ்வளவு குழப்பம் எதற்கு, பெட் ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடுமே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இந்த நம்பிக்கையால் நிறையப் பேர் தேவையில்லாமல் நடுங்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

பெட் ஸ்கேனில் ஏற்றுவது எஃப்.டி.ஜி., கதிரியக்கம் சேர்த்த ஒருவகைச் சர்க்கரை. எந்தத் திசு சர்க்கரையை அதிகம் இழுக்கிறதோ அது ஒளிரும். புற்று பெரும்பாலும் இழுக்கும், உண்மை. ஆனால் இழுப்பதெல்லாம் புற்று இல்லை. காசநோயால் நுரையீரலில் உண்டாகும் முடிச்சு ஒளிரும். சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோயில் நெறிக்கட்டிகள் வரிசையாக ஒளிரும். காதுக்குக் கீழே உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் வார்தின் கட்டி ஒளிரும். ஷ்வான் செல்லில் வரும் தீங்கற்ற கட்டியான சாதாரண ஷ்வானோமாகூட ஒளிரும்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஹைபர்னோமா. குழந்தைகள் உடலில் வெப்பம் உண்டாக்கும் பழுப்புக் கொழுப்பு இருக்கிறதே, அதிலிருந்து வரும் தீங்கற்ற கட்டி. தொடை, தோள், முதுகில் வரும். வெப்பம் உண்டாக்குவதே அந்தத் திசுவின் வேலை என்பதால் சர்க்கரையை அள்ளி எடுக்கும். எம்.ஆர்.ஐ.யில் சுத்தமான கொழுப்பு மாதிரி இல்லாமல் கொஞ்சம் மாறுபட்டுத் தெரியும். இரண்டையும் சேர்த்து வைத்தால் லைப்போசார்கோமா, அதாவது கொழுப்புத் திசுப் புற்று என்றுதான் யாருக்கும் தோன்றும். ஒரு நோயாளிக்கு இரண்டு பெட் ஸ்கேன்களிலும் ஒளிரும் அளவு ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருந்தது. இடையில் எந்தச் சிகிச்சையும் தரவில்லை, கட்டியின் அளவும் மாறவில்லை. பழுப்புக் கொழுப்பு குளிருக்கும் உடல்நிலைக்கும் ஏற்ப ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் பயாப்ஸிக்கு முன்பே எங்களுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. ஹைபர்னோமாதான் என்று பிறகு திசு சொன்னது.

மறுபக்கமும் உண்டு. மூச்சுக்குழாய்க் கார்சினாய்டு, மார்பில் லோபுலர் வகைப் புற்று போன்றவை பெட் ஸ்கேனில் மங்கலாகத் தெரியலாம், தெரியாமலும் போகலாம். ஒளிரவில்லை என்பதால் விட்டுவிடவும் முடியாது.

மார்ச் 6, காலை 7.10

சிறுநீரகக் கட்டி பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், அங்கேயும் இதே கதைதான், சொல்லப்போனால் அங்கே இன்னும் அதிகம். 4 சென்டிமீட்டருக்குள் இருக்கும் கட்டிகளைப் புற்று என்று எண்ணி அறுத்து எடுத்த பிறகு பார்த்தால் சுமார் 20 சதவீதம் தீங்கற்றவையாக இருக்கின்றன. அதில் முக்கியமானது ஆன்கோசைட்டோமா. வெட்டிப் பார்த்தால் மரப்பழுப்பு நிறம், சிலவற்றில் நட்டநடுவே வெண்மையாக ஒரு தழும்பு. செல் முழுக்க மைட்டோகாண்ட்ரியா நெருக்கியடித்துக்கொண்டிருப்பதால் வரும் நிறம் அது. சி.டி.யில் நடுத்தழும்பு தெரிந்தால் ஆன்கோசைட்டோமா என்று சொல்லிவிடலாம் என ஒரு காலத்தில் நம்பிக்கை இருந்தது. புற்றிலும் நடுப்பகுதி செத்துப்போய் அதே மாதிரி தெரியும் என்பதால் அந்த நம்பிக்கை நிலைக்கவில்லை. இப்போது செஸ்டாமிபி என்ற மருந்தை ஏற்றி ஸ்பெக்ட் ஸ்கேன் எடுக்கிறார்கள். அது மைட்டோகாண்ட்ரியாவில் போய்ச் சேரும், அதனால் ஆன்கோசைட்டோமா ஒளிரும். ஆனால் குரோமோஃபோப் என்ற வகைச் சிறுநீரகப் புற்றுகளில் சிலவும் ஒளிரும், ஆகவே அதுவும் முழு விடை இல்லை.

ஆஞ்சியோமயோலிப்போமா (ரத்தக்குழாய், தசை, கொழுப்பு சேர்ந்த தீங்கற்ற கட்டி) என்றால் கவலை குறைவு. கட்டிக்குள் கொழுப்பு இருப்பது சி.டி.யில் தெளிவாகத் தெரிந்தால் பெரும்பாலும் அதோடு விஷயம் முடிந்தது. கொழுப்புக் குறைந்த ரகம்தான் படுத்தும்.

"கிட்னிக் கட்டியில் ஊசி குத்தினால் பரவிவிடும்" என்ற பயத்தில் பலர் நேரே அறுவைக்குப் போகிறார்கள். ஊசிப் பாதையில் பரவுவது மிக மிக அரிது. ஒற்றைச் சிறுநீரகம் உள்ளவர், வயதானவர், இதய நோய் உள்ளவர் என்றால் முதலில் பயாப்ஸி பற்றிப் பேசுங்கள்.

மார்ச் 6, காலை 7.25

ஒரு விலக்கு. கழுத்திலோ வயிற்றிலோ ரத்தம் நிறைய ஓடும் கட்டி, கூடவே திடீர் திடீரென ஏறும் ரத்த அழுத்தம், படபடப்பு, வியர்வை என்றால் ஊசிக்கு முன் மெட்டாநெஃப்ரின் பரிசோதனை (அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் அதிகமா என்று காட்டுவது) தேவை. அந்த ஹார்மோன்களைச் சுரக்கும் பாராகாங்கிலியோமா என்ற கட்டியாக இருந்து அதில் ஊசி குத்தினால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு எகிறலாம்.

மார்ச் 7, இரவு 10.40

5-ஆம் தேதி காலையில் எழுதியதைப் படித்துவிட்டு "அப்படியானால் திசு சொல்வதே கடைசி வார்த்தை" என்று ஒருவர் முடிவுக்கு வந்திருக்கிறார். இல்லை. அதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள்.

விளையாட்டில் தொடையில் அடிபட்ட ஓர் இளைஞனை எடுத்துக்கொள்வோம். கொஞ்ச நாளில் அங்கே வலியோடு வீக்கம், எம்.ஆர்.ஐ.யில் தசைக்குள் பெரிய கட்டி, சுற்றிலும் நீர் கோத்திருக்கிறது. படம் சார்கோமாவை (தசை, எலும்பு போன்ற திசுக்களில் வரும் புற்றை) போலவே இருக்கும். இந்தச் சமயத்தில் அவசரப்பட்டு நடுவில் ஊசி விட்டால், மைக்ரோஸ்கோப்பில் வேகமாகப் பிரியும் இளஞ்செல்கள் தெரியும். பேத்தாலஜிஸ்டுக்கு அடிபட்ட விவரமும் தெரியாமல் இருந்தால் சார்கோமா என்றே எழுதிவிட வாய்ப்புண்டு. சில வாரங்கள் கழித்து ஒரு சி.டி. எடுத்தால் கட்டியைச் சுற்றி முட்டை ஓடு மாதிரி சுண்ணாம்பு வளையம் தெரியும். வெளியே முற்றிய எலும்பு, உள்ளே இளந்திசு. அடிபட்ட தசைக்குள் எலும்பு உருவாகும் இந்தத் தீங்கற்ற வீக்கத்தின் பெயர் மயோசைட்டிஸ் ஆசிஃபிகன்ஸ், அது அப்படித்தான் வெளியிலிருந்து உள்ளே முற்றும். எலும்புப் புற்றில் வழக்கமாக இதற்கு நேர்மாறு, நடுவில்தான் அடர்த்தி அதிகம். இந்த இடத்தில் திசு தவறான வழி காட்டும், படமும் பொறுமையும்தான் சரியான வழி காட்டும்.

நாடுலர் ஃபேஷியைட்டிஸ் என்ற தீங்கற்ற கட்டியும் இப்படித்தான். சில வாரங்களில் சட்டென வளரும், உள்ளே செல்கள் மும்முரமாகப் பிரிந்துகொண்டிருக்கும், பல நேரம் தானாகவே அடங்கியும் போகும். 1955-இல் முதலில் விவரித்தபோதே சார்கோமா போல நடிக்கும் ஒன்று என்றுதான் எழுதினார்கள். 2011-இல் இதில் யு.எஸ்.பி.6 மரபணு இடம் மாறியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். இன்று சந்தேகம் வந்தால் அதைச் சோதித்துப் பார்க்க முடிகிறது. இந்த ஒரு கண்டுபிடிப்பால் எத்தனை பேரின் கையும் காலும் பெரிய அறுவையிலிருந்து தப்பியிருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் நிறைகிறது.

எலும்பில் பல இடங்களில் ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தால் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது எங்கிருந்தோ பரவிய புற்று. ரத்தத்தில் கால்சியம், பி.டி.எச். (பாராதைராய்டு ஹார்மோன்) பார்த்தீர்களா என்று தயவுசெய்து கேளுங்கள். பாராதைராய்டு அதிகமாகச் சுரந்தால் வரும் பழுப்புக் கட்டி அச்சு அசலாக அப்படியே தெரியும். கழுத்தில் இருக்கும் அந்தச் சின்னச் சுரப்பியைச் சரிசெய்தால் எலும்பு மெல்ல மெல்லக் கூடிவிடும். ஒரு ரத்தப் பரிசோதனை செய்யாததால் ஒரு குடும்பம் முழுக்க உடைந்துபோய் உட்கார்ந்திருந்ததை நேரில் பார்த்தவன் நான்.

மார்ச் 8, மாலை 5.00

வயிற்றில் நீர், நெஞ்சில் நீர், சூலகத்தில் கட்டி, ரத்தத்தில் சி.ஏ. 125 (சூலகப் புற்றில் ஏறும் ஒரு புரதம்) ஏகத்துக்கும் அதிகம். "நாலாம் நிலை, இனி என்ன இருக்கிறது" என்று எழுதியிருக்கிறார் ஒரு சகோதரி, அம்மாவைப் பற்றி.

திசு பார்க்காமல் அந்த வரியை எழுதாதீர்கள் அம்மா. 1937-இல் மெய்க்ஸ், காஸ் என்ற இரு மருத்துவர்கள் இதே மூன்றையும் சேர்த்து விவரித்தார்கள்: சூலகத்தில் ஃபைப்ரோமா, வயிற்றில் நீர், நெஞ்சில் நீர். கட்டியை எடுத்ததும் நீர் தானாக வற்றிவிட்டது. கட்டி தீங்கற்றது. சி.ஏ. 125 என்பது வயிற்றின் உள்சவ்வு எரிச்சல்பட்டாலே ஏறும், அதற்குப் புற்று இருந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. வயிற்றுக் காசநோயிலும் நீரும் சி.ஏ. 125-உம் சேர்ந்தே வரும், அது மாத்திரையில் குணமாகும்.

உங்கள் அம்மாவுக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை. இந்தப் படம் உள்ளவர்களில் பெரும்பாலானோருக்குச் சூலகப் புற்றாகத்தான் இருக்கும், மெய்க்ஸ் அரிது. எம்.ஆர்.ஐ.யில் அந்தக் கட்டி கெட்டியாக, டி2 படத்தில் கருப்பாக இருக்கிறதா என்று கேளுங்கள். நீரை எடுத்து அணுக்களைப் பார்த்தார்களா, காசநோய்க்குச் சோதித்தார்களா என்றும் கேளுங்கள்.

மார்ச் 9, இரவு 11.20

இந்த இழையைப் படித்துவிட்டு "அப்படியானால் என் கட்டியும் இந்த மாதிரிதான் இருக்கும், ஊசி வேண்டாம்" என்று ஒருவர் முடிவு செய்திருப்பதைப் பார்த்தேன். நான் எழுதியதிலிருந்து இப்படியொரு முடிவு யாருக்கும் வரக் கூடாது.

இவையெல்லாம் அரிய கட்டிகள். மேமோகிராமில் முள்முள்ளாகத் தெரிவதில் மிகப் பெரும்பாலானவை புற்று. பயாப்ஸி செய்ததால்தான் இந்த அக்காவின் கட்டிக்குப் பெயர் தெரிந்தது, படத்தை மட்டும் பார்த்து யாரும் இதைச் சொல்லியிருக்க முடியாது. எதிர்த்திசையில் ஏமாற்றுபவையும் உண்டு. மியூசினஸ் வகைப் புற்றும், டிரிபிள் நெகட்டிவ் என்ற மார்பகப் புற்று வகையில் சிலவும் ஓரம் வழவழவென்று உருண்டையாக, தீங்கற்ற ஃபைப்ரோஅடினோமா கட்டி போலவே அல்ட்ராசவுண்டில் தெரியும். சாதுவாகத் தெரிவதை நம்பி விட்டுவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு வயிறு கலங்கும்.

ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள்.

மார்ச் 10, காலை 8.30

நேற்று என் பேத்தாலஜிஸ்ட் தோழியோடு உட்கார்ந்து, பழைய கிரானுலர் செல் டியூமர் ஸ்லைடு ஒன்றை இருவர் பார்க்கும் மைக்ரோஸ்கோப்பில் மறுபடி பார்த்தேன். இந்த இழைதான் தூண்டியது.

பெரிய பெரிய செல்கள், இளஞ்சிவப்பு, உள்ளே பொடிப்பொடியாகத் துகள்கள் நிறைந்து கிடக்கின்றன. கரு சின்னதாக, நடுவில், எந்தப் பதற்றமும் இல்லாமல். 1926-இல் அப்ரிகோசாஃப் என்ற ரஷ்யப் பேத்தாலஜிஸ்ட் நாக்கில் வந்த கட்டிகளில் இதை விவரித்தபோது தசைச் செல்கள் என்று எண்ணியதில் வியப்பில்லை. இன்றும் இது அதிகம் தலைகாட்டும் இடங்களில் நாக்கு ஒன்று. அடுத்து சைட்டோகெரட்டின் ஸ்லைடு. நடுவில் சிக்கிக்கொண்ட ஒரே ஒரு பால்குழாய் பழுப்பு வளையமாகப் பளிச்சென்று தெரிகிறது, அதைச் சுற்றியிருக்கும் கட்டிச் செல்கள் நிறமே ஏறாமல் வெளுத்துக் கிடக்கின்றன. எஸ்-100 ஸ்லைடில் அப்படியே தலைகீழ். பால்குழாயின் சுவர்ச் செல்களிலிருந்து இந்தக் கட்டி வரவில்லை என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது.

தோழி ஒன்று சொன்னார், உங்கள் சர்ஜனிடம் சொல்லுங்கள். அறுவை நடக்கும்போதே உறைய வைத்து அவசரமாகப் பார்க்கும் ஃப்ரோசன் செக்‌ஷனில் இந்தச் செல்களைப் புற்று என்று எண்ணிவிடும் ஆபத்து இருக்கிறது. கத்தியில் வெட்டும்போதும் புற்றைப் போலவே நறநறவென்று கெட்டியாக இருக்கும். அதை வைத்து மேசையிலேயே மார்பை முழுக்க எடுக்கும் முடிவுக்கு யாரும் போகக் கூடாது. ஊசி பயாப்ஸியில் ஏற்கெனவே பெயர் தெரிந்திருப்பதால் உங்களுக்கு அந்தக் கவலை குறைவு.

மார்ச் 12, இரவு 9.00

"தீங்கற்றது என்றால் எதற்கு எடுக்க வேண்டும்" என்று அக்கா கேட்கிறாராம். நியாயமான கேள்வி. இதற்கு உறை இல்லை என்று முதல் நாளே எழுதினேன். ஓரத்தில் மிச்சம் விட்டால் அதே இடத்தில் மறுபடி வரலாம். மிக அரிதாக, நூற்றில் ஒன்றிரண்டு என்ற கணக்கில், தீயதாக இருப்பதும் உண்டு. கட்டியை முழுசாகப் பார்த்தால்தான் அதை நிச்சயமாக விலக்க முடியும். அதனால் சுற்றிலும் கொஞ்சம் நல்ல திசுவோடு எடுக்கிறார்கள். கீமோ, கதிர்வீச்சு எதுவும் தேவையில்லை. அக்குள் நெறிக்கட்டிகளை எடுக்கவும் வழக்கமாகக் காரணமில்லை. யாராவது அதைச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

சிலருக்கு இது ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் வரும். நாக்கையும் தோலையும் ஒருமுறை டாக்டர் தடவிப் பார்த்துவிடட்டும்.

ஏப்ரல் 2, மாலை 6.45

எடுத்தாகிவிட்டது, ஓரங்கள் சுத்தம், அதே பெயர்தான் உறுதியாகியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மிகுந்த மகிழ்ச்சி. அக்கா இப்போது பேசுகிறார் என்ற வரியை இரண்டு முறை படித்தேன்.

இன்னும் ஒரு வேலை இருக்கிறது. அறுவை நடந்த இடத்தில் தழும்பும் கொழுப்புச் சிதைவும் உண்டாகும். அடுத்த மேமோகிராமில் அவையும் முள்முள்ளாகத்தான் தெரியும், பழைய விவரம் தெரியாத புதிய ரேடியாலஜிஸ்ட் மறுபடி 4 என்றோ 5 என்றோ போடக்கூடும். அதனால் பழைய மேமோகிராம் படங்கள், ஊசி பயாப்ஸி ரிப்போர்ட், அறுவைக்குப் பிந்தைய ரிப்போர்ட் மூன்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். அடுத்த முறை எங்கே படம் எடுத்தாலும் கையோடு கொண்டு போங்கள், தழும்பு இருக்கும் இடத்தைப் படம் எடுப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். தோலின்மேல் தழும்பை ஒட்டி மெல்லிய கம்பிக் குறி வைத்துப் படம் எடுக்கும் வழக்கம் இருக்கிறது, அதைக் கேட்டு வைக்கச் சொல்லுங்கள். ஆறு மாதத்தில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் பிறகு வருவதை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.